பச்சை மஞ்சள் ஒயர்

மின்கிட்டாரை எதிலும் சொருகாமல் மீட்டினால் வேலிக் கம்பியைச் சுண்டிவிட்டது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க யாரும் நாற்காலி போட்டு உட்கார மாட்டார்கள். கிட்டாருக்கும், சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் என்ற பெட்டிக்கும் நடுவில், தரையில் வரிசையாகக் கிடக்கும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள்தான் அந்தக் கம்பிச் சத்தத்தை அழ வைக்கின்றன, உறும வைக்கின்றன, பெரிய மண்டபத்தில் வாசித்தது போல எதிரொலிக்க வைக்கின்றன. காலால் மிதித்து இயக்குவதால் அவற்றுக்குப் பெடல் என்று பெயர். எங்கள் குழுவில் அப்படி ஆறு பெடல்கள் இருந்தன. ஆறையும் ஒரு பலகையில் பொருத்தி, ஒயர் இழுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் நான். ஆம்ப்பின் ப்ளக்கைத் திறந்து அதிலிருந்த பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்றியவனும் நான்தான்.

அதனால் ஒரு மனிதனின் இடது கை போனது. இன்னொரு மனிதனின் பிழைப்பும் பெயரும் போயின. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கை போனவன் என் நண்பன். ஸ்கூடாயில் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், எதிரெதிர் வரிசை வீடுகளில் இருந்தோம். அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருவான். சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்காவது பாடுவான். பாடிக்கொண்டே கிட்டாரும் வாசிப்பான். நான் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தேன். என் வாசிப்பு இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும், அந்த ரகம். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எனக்குப் பிடித்தது வாசிப்பதல்ல, அந்தப் பெட்டிகள்.

ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு குணம். டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் மேட்டையும் பள்ளத்தையும் நறுக்கிவிடுவது. வழுவழுப்பாக வந்த சத்தம் சொரசொரப்பாகிவிடும், கத்திக் கத்தித் தொண்டை கட்டிய ஆளின் குரல் போல. வா-வா என்ற பெடலை முன்னும் பின்னுமாக மிதித்தால் கிட்டார் வாயைத் திறந்து மூடும். கோரஸ் ஒரு கிட்டாரை இரண்டாக்கும். அந்த இரண்டாவது, சுருதியில் ஒரு மயிரிழை விலகி நிற்கும், அந்த விலகல்தான் அழகு. டிலே, வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். எது முன்னால் எது பின்னால் என்ற வரிசையும் முக்கியம். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் டிலே வந்தால் ஒவ்வொரு எதிரொலியும் தனித்தனியாகக் கேட்கும். முன்னால் வந்தால் எல்லா எதிரொலிகளையும் டிஸ்டார்ஷன் ஒன்றாகக் கடைந்து கூழாக்கிவிடும். இதையெல்லாம் நான் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

கோயில் திருவிழாக்களில் நண்பன் நாதஸ்வரப் பிடிகளைக் கிட்டாரிலேயே வாசிப்பான். டிஸ்டார்ஷனை நன்றாக ஏற்றி, வா-வாவைப் பாதியில் நிறுத்தி, கம்பியை இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். அந்தப் பாதி மிதி சரியாக எங்கே நிற்கவேண்டும் என்று பெடலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டிக் கொடுத்திருந்தேன். சனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பார்கள். அவனைத்தான் பார்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ரப்பர் துண்டு என்னுடையது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

தொல்லை எல்லாம் இரைச்சலில் ஆரம்பித்தது. டிஸ்டார்ஷன் பெடலுக்கு நல்லது கெட்டது தெரியாது. கம்பியிலிருந்து வருவதையும் பெருக்கும், சுவரிலிருந்து மின்சாரத்தோடு வருவதையும் பெருக்கும். கெயின் என்ற குமிழைத் திருகி எவ்வளவுக்கு எவ்வளவு ஏற்றுகிறோமோ, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அவ்வளவுக்கு அவ்வளவு ஊ என்று ஓர் இரைச்சல் ஓடும். சமையலறையில் பழைய ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம் அது. விருந்துக்கு வந்தவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். நண்பனால் மட்டும் பொறுக்க முடியவில்லை.

“மச்சான், தாஹான் பண்ண முடியல லா. நான் மெதுவா பாட ஆரம்பிச்சா எனக்கு முன்னாடி இது பாடுது.”

இரைச்சலை அடக்குவதற்கென்றே ஒரு பெடல் உண்டு. வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்திவிடும். வாங்கி வைத்தேன். அது இரைச்சலோடு சேர்த்து அவனுடைய கடைசி ஸ்வரத்தையும் கடித்து எடுத்துக்கொண்டது. அவன் பாட்டை முடிக்கும்போது கடைசி ஸ்வரத்தை அப்படியே விட்டுவிட்டு, அது தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆள். இரண்டாவது நிகழ்ச்சியிலேயே அந்தப் பெடலைக் காலால் தள்ளிவிட்டான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆம்ப் ஒரு பக்கம் சுவரில் சொருகப்பட்டிருக்கிறது, மண்டபத்தின் சவுண்ட் சிஸ்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஓர் ஒயரால் இணைக்கிறோம். பூமிக்குப் போக இரண்டு வழிகள் கிடைத்ததும் மின்சாரம் அந்த இரண்டுக்கும் நடுவே சுற்ற ஆரம்பிக்கிறது. ஒரு வழியை அடைத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, ஆம்ப்பின் மூன்று முள் ப்ளக்கைத் திறந்து, பூமிக்குப் போகும் பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்றி, மடக்கி, டேப் சுற்றி உள்ளேயே வைத்து மூடினேன். வெளியே மூன்று முள்ளும் அப்படியே இருந்தன. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. தினமும் காலையில் உள்ளே போகுமுன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டையிலிருந்து ஒரு ஒயர் பூமிக்குப் போகிறது. என் உடம்பிலிருந்து ஒரு பொறி பாய்ந்து பலகையில் உள்ள சில்லு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. பட்டை சரியாக இருக்கிறதா என்று கருவியில் கை வைத்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லுக்காக வருடக்கணக்கில் இதைச் செய்துவந்தவன், நண்பன் கையில் பிடிக்கிற கிட்டாருக்கு அந்த ஒயர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆம்ப்புக்குள் ஏதாவது கோளாறு வந்தால் மின்சாரம் அந்த ஒயர் வழியாகப் பூமிக்கு இறங்கிவிடும், ஃபியூஸ் போய்விடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஒயர் இல்லாவிட்டால் அது வேறு வழிக்காகக் காத்திருக்கும். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். கோளாறு வரப்போவதில்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நிகழ்ச்சியில் இரைச்சல் இல்லை. கெயினை முழுவதும் ஏற்றினேன், அப்போதும் இல்லை. நண்பன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டான்.

“அலமாக்! எங்க மச்சான் போச்சு அது?”

“அதெல்லாம் தொழில் ரகசியம் லா” என்றேன். அவன் என் முதுகில் தட்டினான். அப்புறம் பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

பெக்கான் நானாஸ் பக்கம் ஓர் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். சாயங்காலம் நிகழ்ச்சி. மத்தியானமே போய்ச் சேர்ந்தோம். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண் சாலையில் வேன் குதித்துக் குதித்துப் போனது. அந்தக் குலுக்கலில்தான் ஆம்ப்புக்குள் இருந்த ஒரு பழைய ஒயர் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்க வேண்டும் என்று பிறகு கணக்குப் போட்டுக்கொண்டேன். நாங்கள் போனபோது ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது.

கோயிலில் சவுண்ட் சிஸ்டம், கனோப்பிப் பந்தல், ஜெனரேட்டர் எல்லாம் அந்த ஊர்க்காரர் ஒருவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். கணவன் மனைவி இருவருமாகச் செய்துவந்த தொழில். அவர் பெட்டிகளை இறக்குவார், அந்த அக்கா ஒயர்களை இழுத்து, வேலை முடிந்ததும் சுருட்டுவார். நான் பார்த்த சவுண்ட்காரர்களிலேயே ஜெனரேட்டர் பக்கத்தில் செப்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, எல்லாப் பெட்டிகளையும் அதோடு இணைக்கிறவர் அவர் ஒருவர்தான். அன்றும் மழைத் தூறலில் நின்று சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் அந்த வேலையைப் பார்ப்பதே இல்லை. அவர் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததால்தான் அன்று மைக் மண்ணோடு நன்றாகத் தொடர்பில் இருந்தது. மைக்கைத் தொடுகிறவன் கையில் மின்சாரம் ஏறிய கம்பி ஒன்று இருந்தால், அந்த மின்சாரம் அவன் வழியாக நிம்மதியாக மண்ணுக்கு இறங்கலாம்.

நாலு மணி இருக்கும். கோயிலுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் மேடை என்பதால் செருப்பில்லாமல் நின்றோம். நண்பன் கிட்டாரை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை மீட்டினான். பெடல்கள் ஆறும் அணைந்திருந்தன. ஆம்ப்பைச் சவுண்ட் சிஸ்டத்தோடு இணைக்கும் ஒயரை இன்னும் சொருகியிருக்கவில்லை. இடது கை கம்பியில் இருக்க, மைக்குக்குக் குனிந்து, “செக், செக்” என்று சொல்ல உதட்டைக் கொண்டுபோனான்.

ஆம்ப்பிலிருந்து அந்தப் பழைய இரைச்சல் கிளம்பியது. முன்னெல்லாம் கேட்டதைவிடப் பெரியதாக. நண்பன் மைக்கோடு முகம் ஒட்டியபடி நின்றான். தோள்கள் குறுகியிருந்தன. அவன் மேடையில் கோமாளித்தனம் செய்கிற ஆள், அதனால் ஏதோ விளையாடுகிறான் என்று பட்டது. அதைவிட முன்னால் எனக்குப் பட்டது, இரைச்சல் திரும்ப வந்துவிட்டதே என்பதுதான். சனங்களுக்கு முன்னால் மானம் போகிறதே என்று பதறி, அவன் காலடியில் இருந்த பலகைக்குக் குனிந்து, டிஸ்டார்ஷன் பெடலின் கெயின் குமிழைக் குறைத்தேன். பெடலே அணைந்திருக்கும்போது குமிழைத் திருகி என்ன பயன் என்றுகூடத் தோன்றவில்லை. குறையவில்லை. இன்னும் குறைத்தேன். அந்தக் குமிழ் பிளாஸ்டிக். அதைச் சுற்றியிருந்த இரும்பில் என் விரல் பட்டிருந்தால் எனக்கும் அதே கதிதான்.

அந்த ஆறு பெடல்களும் ஒலியை எப்படியெல்லாமோ மாற்றும். ஆனால் அவற்றின் இரும்பு உடம்பு ஒன்றோடொன்று இணைந்து, ஆம்ப்பில் தொடங்கிக் கிட்டார்க் கம்பிவரை போகிறது. அணைத்து வைத்தாலும் அந்த இணைப்பு அப்படியேதான் இருக்கும். நான் பற்றவைத்த ஒயர்கள் வழியாக, நான் வைத்த வரிசையில், மின்சாரம் ஆறையும் கடந்து போய் அவன் விரல்களில் ஏறிக்கொண்டிருந்தது. நான் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

யாரோ மேடையில் தடதடவென்று ஏறி ஓடிவந்தார்கள். சவுண்ட்கார அண்ணன். மேடை ஓரத்திலிருந்த சுவிட்ச் பலகையிலிருந்து எங்கள் ஆம்ப்பின் ப்ளக்கை ஒயரோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தார். இரைச்சல் நின்றது. நண்பன் மைக் கம்பத்தோடு சரிந்த பிறகுதான் மற்றவர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள். நான் குமிழில் வைத்த கையோடு குந்தியபடியே இருந்தேன். நெஞ்சை அழுத்தியது அவர்தான். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல், பெட்டிகளை ஏற்றிவந்த தன் லோரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டியதும் அவர்தான்.

உயிர் பிழைத்தான். இரண்டாம் நாள் கண் திறந்து பேசினான். இடது கையில் கட்டு. அவன் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நீ குனிஞ்சத பாத்தேன் மச்சான்” என்றான். “ப்ளக்க புடுங்கத்தான் குனியிறனு புரிஞ்சுது. அப்புறம் ஒன்னும் தெரியல. நீ மட்டும் இல்லனா…”

அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான், “அதெல்லாம் இப்ப பேசாத, ரெஸ்ட் எடு” என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆம்ப்பின் ப்ளக்கைத் திறந்தேன். பச்சை மஞ்சள் ஒயரை அதன் இடத்தில் திரும்ப மாட்டி, சுவரில் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். பட் என்று ஒரு வெடிப்பு. ஃபியூஸ் போய்விட்டது. ஒயர் இருந்திருந்தால் கோயிலிலும் இதுதான் நடந்திருக்கும். ஆளுக்கு ஒரு அதிர்ச்சி, பிறகு சிரிப்பு, வேறொரு ஆம்ப்பைக் கடன் வாங்கி நிகழ்ச்சி நடந்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பழி எனக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டது. கோயில் கமிட்டி சவுண்ட்கார அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தது, என்னையும் சாட்சியாக உட்கார வைத்திருந்தார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். மழையில் ஜெனரேட்டர் போட்டது, ஒயர் இழுத்தது, எல்லாம் அவர் குற்றம் ஆனது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எர்த் கம்பி நல்லாத்தான் அடிச்சேன்” என்றார். “ஆனா கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச் ஒன்னு இருக்கு. அத வாங்கி மாட்டிருக்கணும். நான்தான் நாள் கடத்திட்டேன்.”

அவரே வாய்விட்டுச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை இப்போதும் நினைத்தால் கூசுகிறது. ஆமாம், அந்தச் சுவிட்ச் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரோ என்னிடம், “தம்பி, உங்க சாமான்ல ஒன்னும் கோளாறு இல்லையே?” என்று கேட்டார்கள். “இல்லைங்க, எல்லாம் செக் பண்ணித்தான் கொண்டுவந்தோம்” என்றேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். என்னை நம்பினார்.

அதன்பிறகு ஒரு கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. வாட்ஸாப்பில் செய்தி போகிற வேகம் தெரிந்ததுதான். ஆளைக் கொல்லப் பார்த்த சவுண்ட்காரன் என்று குரல் பதிவு சுற்றியது. ஜெனரேட்டரை விற்றார், பிறகு கனோப்பியை, கடைசியில் லோரியை. செம்பனைக் குலை ஏற்றும் யாருடைய லோரிக்கோ டிரைவராகப் போனார் என்று கேள்விப்பட்டேன். நண்பனைப் பார்க்க ஒருமுறை பழங்களோடு வந்திருக்கிறார். அவன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். “மூஞ்சியப் பாத்தாலே ஆத்திரமா வருது மச்சான்” என்று என்னிடம்தான் சொன்னான்.

நண்பனுடைய இடது கையில் மூன்று விரல்கள் பாதி மடங்கியே நின்றுவிட்டன. நுனியில் உணர்ச்சி இல்லை. கிட்டாரை அவன் கேட்கவுமில்லை, நான் எடுத்துக்கொண்டு போகவுமில்லை. அது போனால் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மோட்டார் சைக்கிளின் கிளட்ச் இடது கையில் இருக்கிறது. பிடிக்க முடியவில்லை. பாலத்தில் பஸ்ஸுக்கு நின்று போய்வந்து பார்த்தான், தினமும் தாமதம், பிறகு அங்கே செய்த வேலைக்கும் அந்த விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சிங்கப்பூர் வேலை போனது. இங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் உட்கார்ந்தான். குழு கலைந்தது. பெடல் பலகையை ஒரு துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன், “என் உசுரு இவன் குடுத்தது” என்று என்னைக் காட்டிச் சொல்வான். நான் சிரித்துவைப்பேன். மூன்று வருடம் அப்படிச் சிரித்தேன்.

இந்த வருடம் அவன் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது வழக்கம். அவன் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் எல்லாம் அக்கா தங்கைகள். ஒரு நாள் மாலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

“நீதான் மச்சான் மாமன். உன் மடியிலதான் உக்கார வெக்கணும்னு அவளும் சொல்லிட்டா. இந்தப் புள்ளைக்கு இன்னிக்கு அப்பன் இருக்கான்னா அது உன்னாலதான.”

குழந்தையை வலது கையால் என் மடியில் இறக்கினான். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. சரி என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனி முடியாது என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெக்கான் நானாஸுக்குப் போனேன். நண்பன் வீடு எதிர் வரிசையில், நடந்தால் ஒரு நிமிடம். அதை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு சவுண்ட்கார அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க தம்பி. அந்தத் தம்பி கையி இப்ப எப்படி இருக்கு?”

நின்றுகொண்டே சொன்னேன். ப்ளக்கைத் திறந்தது, ஒயரைக் கழற்றியது, கமிட்டியில் பொய் சொன்னது. அவர் கோபப்படவில்லை. தொழில்காரன் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டார்.

“வெட்டுனீங்களா, மடக்கி வெச்சீங்களா?”

“மடக்கி டேப் சுத்தி வெச்சேன்ணே.”

“ப்ளக்குக்குள்ளயே?”

“ஆமா.”

தலையை ஆட்டிக்கொண்டார். “அப்ப என் கம்பி நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“உக்காரு. தம்பி ஒன்னு சொல்றாரு, கேளு.” என் பக்கம் திரும்பி, “மொதல்லருந்து சொல்லுங்க” என்றார்.

மறுபடியும் சொன்னேன். இந்த முறை இன்னும் கடினமாக இருந்தது. அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழ அவசரத்துல கம்பிய அரகொறயா அடிச்சிட்டீங்கனு நான்தான உங்கள சொன்னேன்” என்றார். “சண்டை வர்றப்பல்லாம் சொல்லிருக்கேனே.”

அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். என்னால் அந்த மனிதனுக்குத் தொழில் மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளும் மூன்று வருடமாக அவரை நம்ப ஆள் இல்லாமல் செய்திருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீங்க?”

எனக்குப் பதில் தெரியும். இவர் மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். இவர் மன்னித்தால் அதை எடுத்துக்கொண்டு போய் நண்பனிடம் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் மேசையைக் காட்டினார்.

“போன் போடுங்க. இங்கயே. நாங்களும் கேக்கறோம்.”

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நண்பன் எடுத்தான். பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. ஆம்ப்பின் எர்த் ஒயரைக் கழற்றியது நான்தான், அதனால்தான் உனக்கு அடித்தது, அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“எரைச்சல் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னது நான்தான லா” என்றான். “சரி விடு. என்ன இருந்தாலும் நீதான புடுங்கி விட்ட. எனக்கு அது போதும் மச்சான்.”

எதிரே அவர்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியது தான்தான் என்று அண்ணனே சொல்ல மாட்டார் என்று தெரிந்தது.

“புடுங்குனது நான் இல்ல” என்றேன். “அண்ணன்தான் ஓடிவந்து புடுங்குனாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதும் அவருதான்.”

“நீ குனிஞ்சியே. நான் பாத்தேனே.”

“எரைச்சல் வந்துச்சுல்ல. கெயின குறைக்கத்தான் குனிஞ்சேன்.”

குழந்தை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையும் யாரோ தூக்கிக்கொண்டு போனது போல் நின்றுவிட்டது.

“அவரு பக்கத்துல இருக்காரா?” என்று கேட்டான்.

“இருக்காரு.”

“அவர்கிட்ட குடு.”

அண்ணன் போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வேலி ஓரமாக நடந்துகொண்டே பேசினார், ஓர் இடத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள், பேசுகிறார்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்ப என்னிடம் கொடுக்கச் சொல்வான், திட்டவாவது திட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும், அண்ணன் உள்ளே வந்து போனை என் முன்னால் வைத்தார். எடுத்துக் காதில் வைத்தேன். அவன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.